எருமை கழுவுகிற தண்ணீர்

எங்கள் மலைக்கிராமமான செலோபாகிஸில் தன்னிடம் இருப்பதை இருக்கிறபடியே சொல்கிறவன் ஒன்று பைத்தியக்காரனாக இருப்பான், இல்லை வெளியூர்க்காரனாக இருப்பான். நாற்பது கோழி வளர்க்கிறவர் "ஏதோ ரெண்டு நொண்டிக் கோழி திரியுது" என்பார். விருந்தாளிக்கு முன்னால் ஏழு வகைப் பதார்த்தம் பரப்பிவிட்டு, "ஒண்ணுமே செய்யல, வெறும் சோறுதான், மன்னிச்சுக்கணும்" என்று வீட்டுக்காரி கைகூப்புவாள். நம் பொருளை யாராவது புகழ்ந்துவிட்டால் உடனே "வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லியாக வேண்டும். அப்படிச் சொன்னதைக் கேட்டு எடுத்துக்கொண்டு போனவன் என்று எங்கள் ஊரில் ஒருவன்கூடக் கிடையாது. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். இதற்குப் பெயர்தான் மரியாதை.

சுகெசி இந்த மரியாதையிலேயே ஊறியவள். மேல்தெருவில் முப்பத்திரண்டு வீடுகள். அந்த வீட்டுப் பெண்களின் விவசாயக் குழுவுக்கு அவள்தான் தலைவி. நாற்பத்தெட்டு வயது. புருஷன் தார்யோ கொத்தனார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். சரிவில் படிப்படியாக இறங்கும் வயலில் நான்கு படிகள் அவர்களுக்குச் சொந்தம். அந்த நான்குக்கு மட்டுமில்லை, மேல்தெருவின் அத்தனை வயலுக்கும், அத்தனை வீட்டுப் பானைக்கும் தண்ணீர் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. ஊருக்கு மேலே ஆலமரத்தடியில் ஒரு சுனை. கோடையிலும் மூங்கில் குழாய் நிறைய விழும்.

ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ரத்மி ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். ரத்மியும் மேல்தெருவில் பிறந்தவள்தான். சுகெசியோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், கல்யாணமாகிக் கீழ்த்தெருவுக்குப் போனவள். அந்தக் கல்யாணத்துக்கு மூன்று நாள் அடுப்படியை விட்டு நகராமல் சமைத்தவள் சுகெசி. ரத்மியின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த எட்டு மாதமும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய் ஊட்டியவளும் அவள்தான். கூடப் பிறந்தவள்கூட அவ்வளவு செய்திருக்க மாட்டாள்.

"சிறந்த கிராமப் போட்டியில இந்த வருஷம் நம்ம ஊரும் நிக்குதுடி," என்றாள் ரத்மி. "அதுக்கு ஊர் விவரப் புத்தகம் ஒண்ணு போடணும். எத்தனை வீடு, எத்தனை ஆடு, என்ன விளையுது, எல்லாம். பட்டணத்துலேர்ந்து ஒருத்தர் பாக்க வர்றார். மேல்தெருவை நீதான் சுத்திக் காட்டணும்."

"நானா? எனக்கு என்னடி தெரியும்?"

"பாரு, ஆரம்பிச்சுட்டா. உன் வாயிலேர்ந்து என்னிக்காவது நேரா ஒரு வார்த்தை வந்திருக்கா?" என்று ரத்மி அவள் தோளில் தட்டினாள். "வர்றவர் பெரிய ஆளு. மரியாதையில ஒரு குறையும் இருக்கக் கூடாது. மரியாதைக்குத்தான் மார்க்கு."

சுகெசி அன்று மாலையே வீடு வீடாகப் போனாள். விருந்தாளி வருகிறார், வாசலைப் பெருக்குங்கள், டீயில் சர்க்கரை தாராளமாகப் போடுங்கள், யாரும் பெருமை பேசிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். வேறு யாருக்கும் இந்த அக்கறை வராது. அவளுக்கு வந்தது.

பட்டணத்திலிருந்து வந்தவர் மெழுகுச் சாயப் பூ போட்ட பாத்திக் சட்டை அணிந்த, சிரித்த முகமான மனிதர். பெயர் ஹெர்மந்தோ என்று ரத்மி சொன்னாள். எந்த அலுவலகம் என்று அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. விருந்தாளியிடம் அதையெல்லாம் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. மனிதர் எதைப் பார்த்தாலும் புகழ்ந்தார். அவர் புகழப் புகழ மேல்தெரு முழுக்கக் கூனிக் குறுகித் தன்னைத் தாழ்த்திக்கொண்டது.

"மாடு நல்லா கொழுகொழுன்னு இருக்கே," என்றார் கிழவர் மர்தோவின் எருமையைப் பார்த்து.

"எங்க சார், எலும்பும் தோலுமா நிக்குது. இன்னும் ஒரு மாசம் தாங்குமோ என்னமோ," என்றார் மர்தோ. அந்த எருமை இரண்டு பேர் அகலம். ரத்மி குனிந்து எழுதிக்கொண்டாள்.

"நெல்லு நல்ல விளைச்சல் போல?"

"குருவிக்குத்தான் காணும் சார்," என்றாள் பக்கத்து வீட்டு வாகினி. அவள் வீட்டுக் குதிரில் மூன்று போக நெல் இருந்தது. ரத்மி அதையும் எழுதிக்கொண்டாள். சுகெசிக்குச் சிரிப்பு வந்தது. ரத்மிக்கும் வந்திருக்கும் என்று நினைத்தாள்.

கடைசியில் சுனைக்கு ஏறினார்கள். ஹெர்மந்தோ மூச்சு வாங்க நின்று, ஒரு கை அள்ளிக் குடித்தார். இன்னொரு கை குடித்தார். "என்ன தண்ணிம்மா இது! இந்த மாதிரித் தண்ணியை நான் எங்கயும் குடிச்சதில்ல," என்றார்.

சுகெசிக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. அதை மறைக்க வழக்கத்தைவிட இன்னும் இரண்டு படி கீழே இறங்கினாள். "எங்க சார், ஏதோ கொஞ்சம் கசியுது. எருமை கழுவ, பிள்ளைங்க கால் நனைக்க, அவ்வளவுதான். வயலுக்கெல்லாம் எங்க காணப் போகுது? உங்களுக்குப் பிடிச்சிருந்தா எடுத்துக்கிட்டுப் போங்க. எங்களுக்கு இது எதுக்கு?"

ஹெர்மந்தோ சிரித்தார். ரத்மியின் பேனா ஓடியது. சுனைத் தண்ணீர் அவள் செருப்பை நனைத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, அவள் அப்பா ஒரு காலத்தில் உழுத வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் சுகெசி வீட்டில் மரவள்ளிக் கிழங்கு வறுவலும் டீயும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது ரத்மி காகிதக் கட்டை நீட்டினாள். "விவரம் சொன்னது நீதான்னு கீழ ஒரு கையெழுத்துப் போடு." சுகெசி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு பதினோரு பக்கத்திலும் போட்டாள். ரத்மி எழுதியதை சுகெசி எதற்குப் படிக்க வேண்டும்?

மூன்று மாதம் கழித்து ஊர்க் கூடத்துக்கு எல்லாரையும் வரச்சொன்னார்கள். போட்டியில் ஏதோ பரிசு கிடைத்துவிட்டது என்று நினைத்துத்தான் போனார்கள். வாகினி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மேடையில் ஊர்த்தலைவர் ஹர்ஜோ, பக்கத்தில் தாலுகா அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் அதே ஹெர்மந்தோ. இந்தமுறை அவர் சட்டைப் பையின் மேல் ஒரு தண்ணீர் பாட்டில் கம்பெனியின் பெயர் தைத்திருந்தது.

தாலுகா அதிகாரி வேறு தீவுக்காரர், சுமத்ராவிலிருந்து வந்தவர். குரல் கணீரென்று இருந்தது. எங்கள் காதுக்கு அது எப்போதும் சண்டை போடுகிற மாதிரிதான் கேட்கும். பளபளவென்று அட்டை போட்ட புத்தகத்தைத் திறந்து வாசித்தார். "மேல்தெருவில் சிறிய நீர்க்கசிவு ஒன்று உள்ளது. கால்நடைகளைக் கழுவப் பயன்படுகிறது. விவசாயத்துக்குப் பயனில்லை. குடியிருப்போருக்குத் தேவையில்லை. வெளியாருக்குக் கொடுக்கச் சம்மதம். விவரம் தந்தவர், சுகெசி." புத்தகத்தை மூடினார். "யாருக்கும் பயனில்லாத தண்ணியா இருக்கறதால கம்பெனி குழாய் போட்டு எடுத்துக்கப் போகுது. அடுத்த மாசம் வேலை ஆரம்பம்."

முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் சுகெசியைத் திரும்பிப் பார்த்தார்கள். நெல் அப்போதுதான் கதிர் விட்டிருந்தது. இன்னும் ஐந்து வாரம் தண்ணீர் நிற்க வேண்டும். இந்தப் போகம் போனால் போகட்டும், குழாய் போட்டுவிட்டால் பிறகு எந்தப் போகமும் இல்லை, குடிக்கவும் இல்லை.

சுகெசி எழுந்து நின்றாள். "சார், அது விருந்தாளி முன்னாடி பேசற பேச்சு. அப்படித்தான் சொல்லணும். மரியாதைக்குச் சொன்னது. எங்க மொத்தப் பேரும் அந்தத் தண்ணியிலதான் பிழைக்கறோம்."

அதிகாரி கெட்டவரில்லை. குழம்பித்தான் போனார். "எங்க ஊர்ல இருக்குன்னா இருக்குன்னு சொல்லுவோம், இல்லேன்னா இல்லேன்னு சொல்லுவோம். நீங்க இல்லேன்னு சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கீங்களே அம்மா." பிறகு மேசை ஓரத்தில் உட்கார்ந்திருந்த ரத்மியைப் பார்த்தார். "நீங்க இந்த ஊர்தானே? இவங்க சொல்றது சரியா? இங்க அப்படித்தான் பேசுவாங்களா?"

ஒரு வார்த்தை. 'ஆமா சார்' என்று ஒரு வார்த்தை போதும். சுகெசி நிம்மதியாக மூச்சுவிட்டாள். ரத்மியைக் கேட்டுவிட்டார்கள் அல்லவா, இனி கவலையில்லை என்று நினைத்தாள். அவ்வளவு நம்பிக்கை.

ரத்மி தலை நிமிரவில்லை. "அந்தம்மா சொன்னதை எழுதினேன் சார். ஒரு எழுத்துக் கூட்டல, குறைக்கல."

அந்தம்மா! நாற்பது வருஷமாக 'டி' போட்டுக் கூப்பிட்ட வாய். சுகெசி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று அவளுக்குச் சரியாக நினைவில்லை. அதிகாரி மட்டும் போகும்போது அவளிடம் வந்து நின்று ஒரு வழி சொன்னார். எழுதியவர் தப்பாக எழுதிவிட்டேன் என்று கடிதம் கொடுக்க வேண்டும், இல்லை சொன்னவர் பொய்த் தகவல் சொல்லிவிட்டேன் என்று கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று ஏழு நாளுக்குள் வந்தால் தண்ணீரை மறுபடி அளக்கச் சொல்லுவார். வராவிட்டால் புத்தகத்தில் இருப்பதுதான் உண்மை.

கூடத்துக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்கள் நிற்கிற இடத்தில் சுகெசி ரத்மியைப் பிடித்தாள்.

"ஏன்டி?"

"நீ சொன்னதைத்தான் எழுதினேன்."

"நான் சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா? உன் வீட்டுக்கு வர்றப்பல்லாம் 'வீடு குப்பையாக் கிடக்கு'ன்னு சொல்லுவியே, ஒரு நாளாவது நான் துடைப்பத்தை எடுத்தேனா?"

ரத்மி சாவியைத் துவாரத்தில் நுழைக்க முடியாமல் தடுமாறினாள். "தெரியும்டி," என்றாள் மெதுவாக. "தெரியாம என்ன? எங்க வீட்டுக்காரருக்கு மூணு வருஷமா வேலையில்ல. கம்பெனி வந்தா மேஸ்திரி வேலை போட்டுத் தர்றேன்னாங்க. நானா ஒண்ணும் சேர்த்து எழுதல பாரு. நீயாத்தான் சொன்னே. என் மனசறிஞ்சு ஒரு பொய்யும் எழுதல."

"அந்த ஆளு யாருன்னு அன்னிக்கே தெரியுமா?"

ரத்மி சாவியை மறுபடி துவாரத்தில் வைத்துப் பார்த்தாள்.

"என்னையே அவருக்கு ஊரைச் சுத்திக் காட்டச் சொன்னியே. மரியாதைக்குத்தான் மார்க்குன்னு சொன்னியே."

"உனக்குத்தான் அவ்வளவு அழகாப் பேச வரும்," என்றாள் ரத்மி. புகழ்கிற மாதிரி சொன்னாள். நம்ப வைத்துக் கழுத்தை அறுக்கிறவர்கள் கோபமாகப் பேசுவார்கள் என்று யார் சொன்னது?

"தப்பா எழுதிட்டேன்னு ஒரு கடிதம் குடு. எனக்காக வேண்டாம். உங்கப்பா உழுத வயலுக்காகக் குடு."

"குடுத்தா என் வேலை போயிடும். நீ குடுத்தா உனக்கு என்ன போகப் போகுது? நீ எந்த வேலையில இருக்கே?" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

நான்காம் நாள் மேல்தெருக்காரர்கள் சுகெசி வீட்டில் கூடினார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. எங்கள் ஊரில் திட்ட மாட்டார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள், உரம் விலையைப் பற்றிப் பேசினார்கள், இரண்டு சுற்று டீ குடித்தார்கள். எருமை எலும்பும் தோலுமாக இருக்கிறது என்று சொன்ன மர்தோ கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"நீ கையெழுத்துப் போட்டா எல்லாருக்கும் நல்லதுதான்மா. ஆனா உனக்குக் கஷ்டம்னா வேண்டவே வேண்டாம். நாங்க எப்படியோ பாத்துக்கறோம்."

போட்டே ஆக வேண்டும் என்று இதற்கு அர்த்தம். சுகெசிக்கு அது நன்றாகவே விளங்கியது. அன்றைக்கு அத்தனை பேரும்தான் வாய்க்கு வந்தபடி தாழ்த்திப் பேசினார்கள். 'நாங்களும் சேர்ந்து போடறோம்' என்று ஒருத்தராவது சொல்வார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வாகினி டீ கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் போன பிறகு தார்யோ வாயைத் திறந்தான். "நீ பொய் சொல்லல."

"தெரியும்."

"அப்புறம் எதுக்குப் போடணும்?"

"கதிர் விட்டிருக்கு," என்றாள்.

கடிதத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தது ரத்மிதான். அலுவலகத்தில் வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது. 'மேற்கண்ட நான் அரசுக்குப் பொய்யான தகவல் கொடுத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்' என்ற வரியை சுகெசி இரண்டுமுறை படித்தாள். அதில் ஒரு பிழையும் இல்லை. முத்திரை வில்லையின் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட்டாள். ரத்மி ஊதிக் காயவைத்து ரப்பர் முத்திரையைக் குத்தினாள்.

பத்து நாளில் ஆட்கள் வந்தார்கள். பீப்பாயும் கடிகாரமும் வைத்துத் தண்ணீரை அளந்தார்கள். வயல்களில் இறங்கி வாய்க்காலை எண்ணினார்கள். அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சுனை மேல்தெருவுக்கே என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனி மலைக்கு அந்தப் பக்கம் வேறு இடம் பார்த்துக்கொண்டது. நெல் முற்றியது. மர்தோ ஆடு வெட்டிச் சோறு போட்டார். எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

சுகெசியின் கடிதத்தின் நகலை ஊர்க் கூடத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மூன்று மாதம் ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டமாம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். அறுவடை முடிந்த வாரம் பெண்கள் குழு கூடியது. வாகினிதான் பேச்சை எடுத்தாள்.

"அக்கா, நீங்க எங்களுக்காக ரொம்ப அலைஞ்சுட்டீங்க. உடம்பைப் பாத்துக்கணும். கொஞ்ச நாள் ஓய்வெடுங்களேன்."

பலகையில் பொய்க்காரி என்று பெயர் ஒட்டியிருக்கிறவள் கையெழுத்துப் போட்டால் எந்த அலுவலகமும் விதைநெல் கொடுக்காது. அதுதான் காரணம். அதை நேராகச் சொல்லியிருந்தால் சுகெசிக்கு இவ்வளவு வலித்திருக்காது. "ஆமா, எனக்கும் களைப்பாத்தான் இருக்கு," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, குழுவின் முத்திரையையும் நோட்டுப் புத்தகத்தையும் வாகினியிடம் கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் ரத்மி வந்தாள். கையில் கூடை, கூடையில் சர்க்கரையும் டீத்தூளும் வாழையிலையில் கட்டிய இனிப்பும். வாசலில் தார்யோ கொத்துக்கரண்டியைத் தீட்டிக்கொண்டிருந்தான். சுகெசி நெல் காயப் போட்டிருந்தாள்.

"கோவமா இருப்பியோன்னுதான் இத்தனை நாள் வரல," என்று ரத்மி தானாகவே பெஞ்சில் உட்கார்ந்தாள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுடி. தண்ணியும் போகல, என் வேலையும் போகல. எங்க வீட்டுக்காரருக்குக்கூட மலைக்கு அந்தப் பக்கம் வேலை போட்டுக் குடுத்துட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீ போட்டுடுவேன்னு எனக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தை எழுதறப்பவே தெரியும். ஏதாவது ஆச்சுன்னா சுகெசி தன் தலையில தூக்கிப் போட்டுக்குவா, ஊரைக் கைவிட மாட்டான்னு. அந்த தைரியத்துலதான்டி நான் பேசாம இருந்தேன்."

நன்றி சொல்வதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். சுகெசிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூடத்தில் 'அந்தம்மா' என்றபோதுகூட இப்படி எரியவில்லை. ரத்மி வேலைக்கு ஆசைப்பட்டாள், புருஷனுக்காகச் செய்தாள் என்று இத்தனை நாள் சுகெசியே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். ரத்மியோ சுகெசியின் நல்ல குணத்தையே கணக்குப் போட்டு, அதை நம்பி இறங்கியிருக்கிறாள்.

"இனிமே நீ என் வீட்டுக்கு வராத," என்றாள் சுகெசி.

ரத்மி சிரித்தாள். இந்த ஊரில் யாரும் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டாள். "சரி சரி, வரல. முதல்ல டீயைப் போடு."

"சொன்னதைச் சொன்னபடி எழுதறவதானே நீ? இதையும் சொன்னபடியே எடுத்துக்க. வராத."

சிரிப்பு ரத்மியின் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. தார்யோ ஏதாவது இடையில் சொல்லி மழுப்புவான் என்று அவன் பக்கம் பார்த்தாள். அவன் தலை நிமிராமல் தீட்டிக்கொண்டே இருந்தான். ரத்மி எழுந்து உடுப்பைச் சரிசெய்தாள், கூடையை எடுத்தாள், அதை வைத்துவிட்டுப் போவதா கொண்டுபோவதா என்று தெரியாமல் நின்றாள், பிறகு எடுத்துக்கொண்டே போனாள்.

அவள் வளைவில் திரும்புகிறவரை சுகெசி நெல்லைக் கிளறாமல் நின்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த ஊரில் அவளை 'டி' போட்டுக் கூப்பிட இனி ஒருத்தருமில்லை. ஓடிப்போய்க் கூப்பிட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. கூப்பிடவில்லை.